கடற்கரைக் கண்காணிப்பில் மனிதர்களையும் ஏன் எண்ண வேண்டும்?

பொதுக் கடற்கரை ஒன்றில் பறவைகள், ஆமைகள், இறந்து ஒதுங்கும் உயிரினங்கள் ஆகியவற்றைத் தொடர்ந்து கணக்கெடுக்க நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகக் கரையோரம் நடக்கும் அதே நடையில், அங்கு வரும் மனிதர்களையும் நாய்களையும் வண்டிகளையும் எண்ணச் சொல்வது எதற்காக என்றும், அறிவியல் பட்டம் இல்லாதவர்கள் எழுதும் கணக்கை யாராவது பொருட்படுத்துவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன். உயிரினமும் மனிதரும் ஒரே நடையில், ஒரே தாளில், ஒரே முறையில் பதிவாகும்போதுதான், எண்ணிக்கை ஏன் கூடியது அல்லது ஏன் குறைந்தது என்று கேட்க அந்தக் கணக்கு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துவோர் எழுதியவரின் பட்டத்தைப் பார்ப்பதில்லை. எழுதிய முறை ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்ததா என்பதையே முதலில் பார்க்கிறார்கள்.

நான் அறிந்தவற்றுள் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கரைகளில் 1993 முதல் நடந்துவரும் 'பீச் வாட்ச்' என்னும் தன்னார்வலர் திட்டமாகும். அங்குள்ள தேசியக் கடல் சரணாலயத்தின் சார்பில் பயிற்சி பெற்ற பொதுமக்கள், தமக்கென ஒதுக்கப்பட்ட கரைப்பகுதியில் இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நடந்து, உயிருள்ள பறவைகள், கடல் பாலூட்டிகள், இறந்து ஒதுங்கியவை, எண்ணெய்ப் படிவுகள், மனிதச் செயல்பாடுகள் ஆகிய அனைத்தையும் எழுதி வைக்கிறார்கள். 1990களில் அந்தக் கரைகளில் பல குளிர்காலங்களில் எண்ணெயில் தோய்ந்த பறவைகள் ஒதுங்கின; ஆனால் அந்த நாட்களில் எந்தக் கப்பலும் விபத்துக்குள்ளானதாகச் செய்தி இல்லை. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பது 2002ஆம் ஆண்டில்தான் தெரிய வந்தது. 1953 ஜூலையில் பனிமூட்டத்தில் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கிய 'ஜேக்கப் லக்கன்பாக்' என்னும் சரக்குக் கப்பல், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் கடலடியில் கிடந்தபடி, புயல் அடிக்கும் காலங்களில் தன் தொட்டிகளில் மிச்சமிருந்த எண்ணெயைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. கரையில் சேகரிக்கப்பட்ட தார் உருண்டைகள், எண்ணெய் படிந்த இறகுகள் ஆகியவற்றின் வேதியியல் அமைப்பு கப்பலில் இருந்த எண்ணெயின் அமைப்போடு ஒத்துப்போனதே சான்றாயிற்று. அந்த 2002ஆம் ஆண்டிலேயே எண்ணெயின் பெரும்பகுதியை மூழ்கிய கப்பலிலிருந்து உறிஞ்சி எடுத்தார்கள். 1990 முதல் 2003 வரை அந்தக் கசிவால் 51,000க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

இத்தகைய மதிப்பீடு எதன் மேல் நிற்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கரையிலும் முதுமையாலும் நோயாலும் பசியாலும் இறந்த பறவைகள் ஒதுங்கிக்கொண்டே இருக்கும். விபத்து நடந்த மறுநாள் ஓடிச் சென்று நூறு பறவைகளைக் கண்டெடுப்பவரிடம், அந்த மாதத்தில் இயல்பாகவே எத்தனை ஒதுங்கும் என்று கேட்டால், பழைய கணக்கு இல்லாதவரை அவரால் விடை சொல்ல முடியாது. எதுவும் நடக்காத, சலிப்பூட்டும் நூற்றுக்கணக்கான நடைகளின் பயன் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மனிதர்களை எண்ணுவதற்கான முதல் காரணமும் இதே பகுதியிலிருந்தே கிடைக்கிறது. 2007 நவம்பர் 7 அன்று 'காஸ்கோ பூசான்' என்னும் கப்பல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பாலத் தூணில் மோதியதால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் எண்ணெய் நீரில் கொட்டியது. 2011இல் எட்டப்பட்ட 4.44 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில், பறவைகளுக்கும் வாழிடங்களுக்கும் ஏற்பட்ட இழப்போடு, கரைகள் மூடப்பட்டதாலும் கெட்டுப்போனதாலும் மக்கள் இழந்த கடற்கரைப் பயன்பாட்டுக்கும் ஈடு சேர்க்கப்பட்டிருந்தது. அந்த இழப்பு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயன்பாட்டு நாட்கள் என்று கணக்கிடப்பட்டது. சாதாரண நாளில் ஒரு கரைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற பதிவு எங்காவது இருந்தால்தான், வராமற்போனவர்களின் எண்ணிக்கையை யாரும் நம்பும்படி நிறுவ முடியும். கடற்கரை மக்களுக்கும் உரியது என்பதை நினைவில் வைத்திருக்கும் கணக்கெடுப்பே நேர்மையானது என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் பறவைகளையே சார்ந்தது. இன்று உள்ளான்கள் குறைவாக இருக்கின்றன என்று எழுதினால், அது பருவத்தாலா, ஓதத்தாலா (கடல்நீர் ஏறி வடிவதாலா), இரை குறைந்ததாலா, காலையிலிருந்து யாரோ விரட்டிக்கொண்டே இருந்ததாலா என்பது அந்த ஒற்றை எண்ணிலிருந்து தெரியாது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கோல் ஆயில் பாயின்ட் என்னும் இடத்தில் 'ஸ்னோயி ப்ளோவர்' எனப்படும் சிறு உப்புக்கொத்தியைக் சூழலியலாளர் கெவின் லாஃபர்டி ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கட்டுரையை இதற்காகவே அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கரையில் வார இறுதி நாட்களில் சராசரியாக 27 நிமிடங்களுக்கு ஒருமுறையும், மற்ற நாட்களில் 43 நிமிடங்களுக்கு ஒருமுறையும் அந்தப் பறவைகள் கலைக்கப்பட்டன. நாய்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அவற்றால் நேர்ந்த கலைப்பு மிக அதிகமாக இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள ஒரு பறவை ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும் சேர்த்துவைத்த ஆற்றலைச் செலவிடுகிறது. இரை தேடும் நேரத்தையும் இழக்கிறது. மணலில் வெறும் குழியாக இருக்கும் கூட்டை விட்டு எழுந்தால், முட்டைகள் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கின்றன. அதே இடத்தில் 2001 முதல் கூடு கட்டும் பகுதியைச் சுற்றிக் கயிறு மட்டும் கட்டி, வருவோரிடம் பணிவாக எடுத்துச் சொல்லத் தன்னார்வலர்களை நிறுத்தினார்கள். பல்லாண்டுகளாக இனப்பெருக்கம் நின்றுபோயிருந்த அந்தக் கரையில் குஞ்சுகள் மீண்டும் பொரிந்தன. கரை யாருக்கும் மூடப்படவில்லை. எந்தச் செயல், எந்த இடத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து பறவையைக் கலைக்கிறது என்ற பதிவு இருந்ததால், முழுக் கரையையும் அடைக்காமல் ஒரு சிறு பகுதியைக் காத்தாலே போதும் என்று சொல்ல முடிந்தது.

மனிதர்களை எப்படிப் பதிவு செய்வது என்பதில்தான் புதிய குழுக்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. ஆள் யார் என்பது உங்கள் தாளுக்கு வேண்டாம். என்ன செய்கிறார், எங்கே செய்கிறார் என்பவை மட்டும் போதும். நடப்பவர், ஓடுபவர், அமர்ந்திருப்பவர், நீரில் இருப்பவர், தூண்டில் போடுபவர், வலை இழுப்பவர், சிப்பி பொறுக்குபவர், பட்டம் அல்லது டிரோன் விடுபவர் எனச் சில வகைகளைத் தொடங்கும்போதே வரையறுத்து, பிறகு அவற்றை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் உலர்மணலிலா, ஈரமணலிலா, நீரிலா என்று குறியுங்கள். கால்நடையாக வரும் நூறு பேர் உலர்மணலில் இருப்பதும், பறவைகள் இரை தேடும் ஈரவிளிம்பில் நால்வர் ஓடுவதும் பறவைக்கு ஒன்றல்ல. நாய்களைக் கயிற்றில் உள்ளவை, கயிறில்லாதவை, உடன் ஆள் யாரும் இல்லாதவை என்று பிரித்து எழுதுங்கள். நடந்துகொண்டே எண்ணும்போது, உங்களுக்கு நேர்க்கோட்டில் வரும் நொடியில் ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணுவது, பின்னாலிருந்து உங்களைக் கடந்து செல்பவரை விட்டுவிடுவது என்பதுபோல ஒரு விதியை வைத்துக்கொண்டால், ஒரே ஆளை இருமுறை எண்ணும் குழப்பம் நீங்கும். முகம் தெரியும்படி யாரையும் படம் எடுக்காதீர்கள். விதிமீறல் கண்ணில் பட்டாலும் வாக்குவாதத்தில் இறங்காமல், நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு உரிய அலுவலரிடம் தெரிவியுங்கள். கண்காணிப்பவரே காவலராக மாறிய நாளிலிருந்து மக்கள் அவரைக் கண்டதும் நடத்தையை மாற்றிக்கொள்வார்கள், பதிவும் பொய்த்துப்போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரையைத் தொழிலிடமாகக் கொண்ட மீனவர்களை 'இடையூறு' என்ற தலைப்பின் கீழ் எழுதுவது பெரும் பிழை. அவர்களுடைய செயலும் மற்றச் செயல்களைப் போல ஒரு வகைதான். அது பறவையைக் கலைத்ததா இல்லையா என்பது தனியாகப் பார்த்து எழுத வேண்டிய செய்தி. எந்தக் காலத்தில் எந்தப் பறவை எங்கே கூடும், ஆமை எந்தப் பக்கம் ஏறும் என்பதை நீங்கள் பல ஆண்டுகள் நடந்து அறிவதற்கு முன்பே அவர்கள் அறிந்திருப்பார்கள். முதல் நடைக்கு முன்பே அவர்களிடம் சென்று, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள்.

மனிதர் அங்கே இல்லாதபோதும் மனிதச் செயலின் தடம் கரையில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வண்டிச் சக்கரத் தடங்கள், புதிதாக வைத்த விளக்குகள், அறுந்த வலைத் துண்டுகள், இயந்திரத்தால் வாரிச் சமன்படுத்திய மணல் ஆகியவையும் பதிவில் இடம்பெற வேண்டும். அலை கொண்டுவந்து போடும் கடற்பாசிக் குவியலைப் பலர் குப்பை என்று நினைக்கிறார்கள். அதில்தான் மணல்தத்திகளும் ஈக்களும் வாழ்கின்றன, அவற்றைத் தின்றே உப்புக்கொத்திகள் பிழைக்கின்றன. பாசியை நாள்தோறும் வாரி எடுக்கும் கரையில் பறவை குறைந்தால், அன்று அங்கே நடந்தவர்களின் எண்ணிக்கையில் அதற்குக் காரணம் தேடிப் பயனில்லை.

நடை முறைக்கு வருகிறேன். ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியை, புயல் அடித்தாலும் நகராத அடையாளங்களால் தொடக்கமும் முடிவும் குறித்துத் தேர்ந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ் புள்ளியையும் எழுதி வையுங்கள். ஓதத்தின் நிலை பறவை எண்ணிக்கையை வெகுவாக மாற்றும்; நீர் வடிந்திருக்கும்போது ஈரமணலில் பரவி மேய்பவை, நீர் ஏறும்போது ஒடுங்கி ஓரிடத்தில் கூட்டமாக நிற்கும் அல்லது வேறிடம் சென்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே ஓதநிலையில் நடக்க முயலுங்கள். முடியாத நாளில் ஓதநிலையைத் தவறாமல் எழுதுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்தவர்கள் எத்தனை பேர், காற்று, மழை, பார்வைத் தெளிவு ஆகியவை ஒரு வரியில் அடங்கிவிடும், ஆனால் அந்த ஒரு வரி இல்லாத தாளைப் பிற்காலத்தில் எந்த ஆய்வாளரும் மற்றத் தாள்களோடு ஒப்பிட மாட்டார். ஒன்றுமே காணாத நாளில் தாளை வெறுமையாக விடாமல் சுழியம் என்று எழுத வேண்டும். வெற்றிடம் என்பதற்கு 'பார்க்கவில்லை' என்ற பொருளும் உண்டு. சுழியம் என்றால் பார்த்தோம், இல்லை என்று பொருள். தன்னார்வலர் பதிவுகளில் நான் கண்ட மிகப் பரவலான குறை இதுதான். அரிய பறவை வந்த நாளில் நான்கு பேர் எழுதுவார்கள், எதுவும் வராத மழைநாளில் யாரும் எழுதுவதில்லை. பத்தாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அந்தக் கரையில் அரிய பறவைகளே நிறைந்திருந்ததாகத் தோன்றும்.

உயிருள்ள பறவைகளைப் போகும் வழியில் மட்டும் எண்ணுங்கள். திரும்பும் வழி இறந்தவற்றைத் தேடுவதற்கு உதவும். உங்களுக்கு முன்னால் பறந்து சென்று மீண்டும் இறங்கும் கூட்டத்தைக் கண்ணால் தொடர்ந்து, மறுபடி எண்ணாமல் பார்த்துக்கொள்வது ஒருவரின் வேலையாக இருக்கட்டும். எழுதுவது மற்றவரின் வேலை. பெரிய கூட்டமாக இருந்தால் பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்து, அந்த அளவால் கூட்டத்தை அளந்து எண்ணப் பழகுங்கள். இனம் உறுதியாகத் தெரியாதபோது 'சிறு உள்ளான், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. துணிந்து எழுதிய தவறான பெயர்தான் கணக்கைக் கெடுக்கும், ஏனெனில் அது தவறு என்று பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இறந்து ஒதுங்கியவற்றில் தன்னார்வலர்களின் உழைப்பு மிகப் பெரிய பயனைத் தந்திருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜூலியா பாரிஷ் தொடங்கிய 'கோஸ்ட்' என்னும் திட்டத்தில், பறவையின் பெயரைச் சொல்வதற்கு முன் கால் அமைப்பைப் பார்த்து, அலகு, கால், இறக்கை ஆகியவற்றை அளந்து, அளவுகோலோடு படமெடுத்து அனுப்ப வேண்டும்; முடிவை வல்லுநர் சரிபார்ப்பார். எண்ணிய உடலில் வண்ணப் பட்டை கட்டிவிடுவதால் அடுத்த மாதம் அது புதிய உடலாக எண்ணப்படுவதில்லை. ஓர் உடல் எத்தனை நாள் கரையில் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. நரியும் காக்கையும் அலையும் உடல்களை அகற்றிவிடும் என்பதால், மாதம் ஒருமுறை நடப்பவர் காண்பது உண்மையில் ஒதுங்கியவற்றின் ஒரு பகுதியே. வட பசிபிக்கில் கடல் வெப்பம் மிகுந்திருந்த 2015-16 காலத்தில் 'மர்' என்னும் கடற்பறவைகள் கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை சுமார் 62,000 ஒதுங்கியதாக எண்ணப்பட்டு, மொத்தச் சாவு பத்து லட்சத்தை எட்டியிருக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையில் பெரும் பங்கு இப்படி மாதாமாதம் நடந்தவர்களால் கிடைத்தது. ஐரோப்பாவின் வடகடல் நாடுகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, கரையொதுங்கும் 'ஃபுல்மார்' பறவைகளின் இரைப்பையில் உள்ள நெகிழியைக் கடல் மாசின் அளவுகோலாகவே ஏற்றுக்கொண்டன. பத்து விழுக்காட்டுக்கும் குறைவான பறவைகளில் மட்டுமே 0.1 கிராமுக்கு மேல் நெகிழி இருக்க வேண்டும் என்பது அவை வகுத்த இலக்கு.

இறந்த உடலையோ நோயுற்ற உயிரையோ வெறுங்கையால் தொடக் கூடாது. அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளையும் கடற்சிங்கங்களையும் பெருமளவில் கொன்றிருக்கிறது. ஒரே நாளில் வழக்கத்துக்கு மாறாகப் பல உடல்கள் கிடந்தால் அளப்பதை நிறுத்திவிட்டு, படமெடுத்து, கால்நடை அல்லது வனத்துறையிடம் உடனே தெரிவிப்பதே சரி. முட்டை, இறகு, ஓடு எதையும் அனுமதியின்றி எடுத்துச் செல்வது பல நாடுகளில் குற்றம். தனியே கிடக்கும் கடல்நாய்க் குட்டியைத் தாய் கைவிட்டதாக எண்ணி நீரில் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தாய் இரை தேடச் சென்றிருக்கும், ஆட்கள் சூழ்ந்து நின்றால்தான் அது திரும்பி வரத் தயங்கும். ஆமை ஏறும் கரையானால் விடியலில், மற்றவர்களின் காலடிகள் தடத்தை அழிக்கும் முன் நடக்க வேண்டும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஏறுவதால் தடம் இருபுறமும் முன்பின்னாக இருக்கும். பேராமையும் ஏழுவரி ஆமையும் முன்துடுப்புகள் இரண்டையும் ஒருசேர இழுப்பதால் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் இருந்து கூடு இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். அருகில் புதிய விளக்கோ இரவுக் கூட்டமோ இருந்ததா என்பதும் அதே தாளில் இருந்தால், ஆமை முட்டையிடாமல் திரும்பியதற்கான காரணத்தைத் தேடத் தொடங்க முடியும்.

யார் பொருட்படுத்துவார்கள் என்ற கேள்விக்கு மீண்டும் வருகிறேன். புதியவர் ஒருவரும் பழகியவர் ஒருவரும் தனித்தனியே எழுதி, நடை முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே கொண்டுவாருங்கள். இருவர் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் மறைக்காமல் பாதுகாத்து வையுங்கள். அன்றே கணினியில் ஏற்றுங்கள், ஆனால் கையால் எழுதிய தாளை எறியாதீர்கள். முறையை மாற்ற நேர்ந்தால் எந்த நாளிலிருந்து, எதற்காக மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். ஓராண்டுக் கணக்கு பருவங்களை மட்டுமே காட்டும்; கூடுகிறதா குறைகிறதா என்று பேசப் பல ஆண்டுகள் வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட நிலையையே இயல்பு என்று எடுத்துக்கொண்டு, அதற்கு முன் இழந்ததை அறியாமல் போகிறது என்று மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். உங்கள் முதல் ஆண்டின் தாள்கள்தாம் பின்வருபவர்களுக்கு அந்தத் தொடக்கநிலையைச் சொல்லப்போகின்றன என்பதால், அவற்றில் அவசரம் வேண்டாம்.

இயன்றால் ஒரே கரையில் மக்கள் கூடும் பகுதி ஒன்றையும், அதேபோன்ற மணலும் சரிவும் கொண்டு ஆட்கள் குறைவாக வரும் பகுதி ஒன்றையும் தேர்ந்து, இரண்டிலும் ஒரே நாளில் நடங்கள். இரண்டிலும் பறவை குறைந்தால் காரணம் கரைக்கு வெளியே இருக்கலாம். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தப் பகுதியில் என்ன மாறியது என்று உங்கள் தாளிலேயே தேடலாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பகுதியின் நீளத்தையும், அங்கே வழக்கமாகக் காணும் பறவைகளையும், மக்களின் முக்கியச் செயல்களையும் எழுதி அனுப்பினால், பதிவுத்தாளில் எந்தக் கட்டங்கள் இருக்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்பதை முடிவு செய்ய உதவுகிறேன். அதுவரை எதையும் எண்ணாமல், பத்துப் பேரும் ஒருமுறை அந்தத் தொலைவைச் சேர்ந்து நடந்து, தொடக்கமும் முடிவும் எவை என்பதில் உடன்பட்டுவிடுங்கள்.